ஏழெட்டு

மாலை ஐந்தரை ஆனால் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் எட்டாம் வாய்ப்பாடு தொடங்கிவிடும். கார் இல்லை, பணி ஓய்வு பெற்ற மறு வருஷமே விற்றாயிற்று. அந்த இடத்தில் பாய் விரித்திருக்கிறேன். அக்கம்பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பெயர்தான் டியூஷன். காசு வாங்குவதில்லை என்பதால் பெற்றோருக்கு என் பாடத்தின் மேல் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. மலேசியாவில், கிள்ளான் வட்டாரத்துப் பண்டமாரானில் அது இரைச்சலான நேரம். துறைமுகத்துப் பக்கம் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம், வேலை விட்டு வருகிற மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம், எதிர் வீட்டுச் சீனர் அடுப்பில் பூண்டு வதங்கும் வாசனை ஒரு பக்கம். எல்லாவற்றையும் மீறிப் பிள்ளைகள் கத்துவார்கள்: ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு.

அந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய குரல் ஒரு மூன்றாம் ஆண்டுப் பையனுடையது. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் தட்டிக்கொண்டு சொல்வான். அவன் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் சொல்கிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். ஒருநாள் ஏதோ தோன்றி, கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்திவிட்டு அவனை மட்டும் கேட்டேன்: “ஏழெட்டு?”

வாய் திறந்தபடியே இருந்தது. பதில் வரவில்லை. பிறகு மெல்ல ஓரெட்டிலிருந்து ஆரம்பித்தான். படி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஏறி ஆறெட்டு நாற்பத்தெட்டு வரைக்கும் வந்து, அங்கே நின்று, பக்கத்தில் இருந்தவளின் வாயைப் பார்த்தான்.

“எல்லாரும் கூடச் சொன்னா வருது சார்.”

அவன் பொய் சொல்லவில்லை. கூட்டமாகச் சொல்லும்போது உண்மையிலேயே வருகிறது. அடுத்தவன் வாயிலிருந்து கிளம்பும் சொல்லைக் கால் நொடி தாமதமாகப் பிடித்துக்கொண்டே போகலாம். நாமே சொல்வதுபோல் இருக்கும். கோயிலில் தேவாரம் பாடும்போது எனக்கும் இதே கதைதான். ஓதுவார் பக்கத்தில் இருக்கும்வரை பதிகம் முழுக்கத் தெரியும். வீட்டு சாமி அறையில் தனியாக நின்றால் இரண்டாம் பாட்டில் தடுமாறி, மணியை ஆட்டி முடித்துவிடுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் கிள்ளான் வட்டாரத்தில் வாத்தியாராக இருந்தவன் நான். தேர்வுக்கு முந்தின நாள் என் வகுப்பில் என்ன நடக்கும் என்றால், முக்கியமான பாடங்களை எல்லாம் நானே மறுபடி உரக்க வாசிப்பேன். பிள்ளைகளும் கூடவே வாசிப்பார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போடுவார்கள். மணி அடிக்கும்போது எனக்கும் அவர்களுக்கும் ஒரு திருப்தி: எல்லாம் தெரிகிறது. தெரிந்த முகத்தைத் தெருவில் பார்க்கிற திருப்தி அது. பெயரைச் சொல் என்றால்தான் வியர்க்கும்.

இந்தத் திருப்தியை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்குச் சின்ன உரைநடைப் பகுதிகள் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றி, மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றி. ஒன்றை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை ஒரு முறை படித்தபின், தாளை வாங்கிக்கொண்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். எழுதியது சரியா தவறா என்றுகூடச் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை படித்ததுதான் முன்னால் நின்றது: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். இரண்டு முறை படித்தது 42க்கு இறங்கிவிட்டது. எழுதிப் பார்த்தது 56இல் நின்றது.

இந்த ஆய்வைப் படித்தவுடன் நான் கணக்குப் போட்டது என் பழைய மாணவர்களைத்தான். ஐந்து நிமிஷத்துக் கணக்கில் நான் நல்ல வாத்தியார்.

நம் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. மனப்பாடம் ஒன்று; ஒப்பித்தல் இன்னொன்று. ஒப்பித்தல் என்பது ஒப்புவித்தலின் தேய்வு. நம்பிக் கொடுத்த பொருளை உரியவர் கையில் திரும்பச் சேர்ப்பதற்கும் அதே சொல்தான். உள்ளே போடுவதை மனப்பாடம் பார்த்துக்கொள்ள, வெளியே எடுத்துக் கொடுப்பது ஒப்பித்தலின் பாடு. நாளடைவில் என்ன ஆனது என்றால், முதல் சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போடுவதில் நமக்கு இரண்டாவது மறந்துவிட்டது. மனப்பாடம் வேண்டும் என்று ஒரு கட்சி, மனப்பாடம் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று இன்னொரு கட்சி. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இந்த விவாதத்தை வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். தேநீர் ஆறும்வரை நடக்கும். மறுநாள் காலையில் யார் எதைத் திருப்பிக் கேட்கப் போகிறார்கள் என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

திருப்பிக் கேட்கத் தெரிந்த ஒரு வாத்தியார் உத்தமதானபுரத்தில் இருந்தார். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் தம் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிற இடத்தில் இது வருகிறது. 1855இல் பிறந்தவர் அவர். எண்பது வயதைத் தாண்டியபின் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நூல் அது. சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனையும் கூப்பிட்டு ஒரு பூவின் பெயர், ஊரின் பெயர், பறவை அல்லது விலங்கின் பெயர் என்று எதையாவது சொல்லி அனுப்புவார். மறுநாள் பள்ளிக்கு வந்ததும் அவனவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஞாபக சக்தி வளர்வதற்கான பழக்கம் அது.

இளைஞனாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்து விளையாட்டு என்று கடந்து போனேன். அஞ்சடிக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டே இப்போது யோசித்தால், அந்த உபாத்தியாயர் செய்த காரியத்தின் நுணுக்கம் தெரிகிறது. ஒவ்வொருவனுக்கும் வேறு வேறு பெயர். ஆகவே கூட்டத்தோடு கத்தித் தப்பிக்க முடியாது. எழுதித் தரவில்லை, ஆகவே வழியில் எடுத்துப் பார்க்க முடியாது. நடுவில் ஒரு ராத்திரி. பையன் விளையாடுவான், சாப்பிடுவான், அடி வாங்குவான், தூங்குவான். பூவின் பெயர் மங்கத் தொடங்கியிருக்கும். தூங்கப் போகும்முன் ஒரு தரம், எழுந்ததும் ஒரு தரம், வாய்க்கால் தாண்டும்போது ஒரு தரம் அவனே அதைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொள்வான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, இடைவெளி விட்டு நினைவுகூர்வதை அவன் பழகிவிடுகிறான்.

அந்த ராத்திரிக்கும் கணக்கு உண்டு. எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை அளந்து 1885இல் புத்தகமாக்கினார். முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு மெதுவாகிற கோடு. அந்தக் கோட்டுக்குத் தூக்கத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தவர்கள் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும். 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், இரண்டே மாணவர்களை வைத்துச் செய்தது. படித்துவிட்டு விழித்திருந்தால் மறக்கிற அளவுக்கு, படித்துவிட்டுத் தூங்கினால் மறக்கவில்லை. உத்தமதானபுரத்து உபாத்தியாயருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் சொன்னார், காலையில் கேட்டார்.

அதற்காகத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடப் போவதில்லை. பிரம்பு இருந்தது, பிள்ளையைத் தொங்கவிடும் கோதண்டம் இருந்தது, யார் திண்ணையில் யார் உட்காரலாம் என்ற சாதிக் கணக்கு இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய என் தாத்தாவின் தகப்பனார் எந்தத் திண்ணையிலும் ஏறியவர் இல்லை. நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு பூப்பெயரை மட்டும்தான்.

மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளையைக் ‘கிளிப்பிள்ளை’ என்று ஏசுகிறோமே, நன்னூல் பாயிரத்தில் கிளி கடைசி வரிசையில் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அன்னத்தையும் பசுவையும் முதலில் வைக்கிறார். மண்ணும் கிளியும் நடுவில். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவைதான் கடையில். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு இடைநிலைத் தேர்ச்சி. ஊற்ற ஊற்ற ஒழுகும் குடத்துக்குத்தான் கடைசி இடம். பாவம், குடத்தின் மேல் என்ன தப்பு? என் வகுப்பில் ஒழுகிய குடங்களில் பாதி, நான் ஊற்றிய வேகத்தில் ஒழுகியவை.

ஏழெட்டில் நின்றுபோன அந்தப் பையனின் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். இறங்குகிற ஏறுகிற பெட்டிகளைச் சரிபார்த்து எண் குறிக்கிற வேலை. மகனை அழைத்துப் போக வந்தவர், “இவனுக்கு மண்டையில எதுவும் நிக்க மாட்டேங்குது சார். என்ன மாதிரிதான்” என்றார். சொல்லிக்கொண்டே ரோட்டில் போன ஒரு லாரியைப் பார்த்தார். வேறு பேச்சு பேசிக்கொண்டிருந்துவிட்டு, சும்மா ஒரு வேடிக்கைக்கு, சற்று முன் போன அந்தப் பெட்டியின் எண் என்ன என்று கேட்டேன். நாலு எழுத்து, ஏழு இலக்கம், மொத்தம் பதினொன்று. தயங்காமல் சொன்னார்.

எனக்கு நாலு இலக்கத்துக்கு மேல் நினைவில்லை. மண்டையில் எதுவும் நிற்காத குடும்பம்!

எப்படி என்று கேட்டதற்குச் சிரித்தார். “எங்க சார் பதினொன்னு? மொத நாலு எழுத்து கம்பெனி. எம்எஸ்கேயுன்னா மேர்ஸ்க். நாலாவது எழுத்து எந்தப் பெட்டிக்கும் யூதான், அத மனசுல வெக்கவே வேண்டாம். நடுவுல ஆறு நம்பர, போன் நம்பர் மாதிரி மூணு மூணா பிரிச்சிக்குவேன். கடேசி நம்பர் தனியா கட்டம் கட்டி இருக்கும், அது செக் பண்றதுக்கு.” பதினொன்றும் அவருக்கு நாலு பொட்டலம்.

மனித மனம் ஒரே நேரத்தில் கையில் ஏந்தக்கூடியது எவ்வளவு என்பதற்கு ஜார்ஜ் மில்லர் 1956இல் சொன்ன விடை உலகப் பிரசித்தம்: ஏழு, இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். தமிழில் இதைச் சொல்ல ஒரே சொல் போதும்: ஏழெட்டு. பிற்பாடு நெல்சன் கோவன் என்பவர் 2001இல், உள்ளபடி பார்த்தால் நாலுதான் தேறும் என்று குறைத்துவிட்டார். மில்லர் சொன்னதில் எண்ணைவிட முக்கியமானது, ஏந்துவது பொட்டலக் கணக்கு என்பது. பொட்டலத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம், கட்டத் தெரிந்திருந்தால். கட்டுவதற்குக் கயிறு ஏற்கெனவே தெரிந்த விஷயம். மேர்ஸ்க் என்ற பெயர் தெரியாதவனுக்கு எம்எஸ்கேயு நாலு தனிச் சுமை.

வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு நீள்வகுத்தல் அப்படித்தான் ஆகிறது. வகுத்தலின் படிகளையே கையில் ஏந்திக்கொண்டு தடுமாறுகிறவனிடம், நடுவில் ஏழெட்டு எத்தனை என்றும் கண்டுபிடி என்றால் ஏந்தியிருந்தது கீழே விழும். “கவனமே இல்லை” என்று நோட்டுப் புத்தகத்தில் நான் சிவப்பு மையில் எழுதிய இடங்களில் எத்தனை, இப்படிக் கை நிறைந்து விழுந்தவை என்று இப்போது தோன்றுகிறது. வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். பழமைக்காக அல்ல, கையைக் காலியாக வைப்பதற்காக.

எதிர் வீட்டுச் சீனப் பிள்ளை இலக்கங்களைப் படபடவென்று ஒப்பிப்பதைப் பார்த்து நம் தாய்மார்கள் பெருமூச்சு விடுவது உண்டு. பண்டமாரான் மலாயாவின் அவசரகாலத்தில், 1950வாக்கில் எழுந்த புதுக்கிராமம். பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறோம், ஒப்பிடாமல் இருக்க முடிவதில்லை. இந்தப் பெருமூச்சுக்கு ஓரளவு மருந்து உண்டு. காதால் கேட்டதை வாய்க்குள் சுழற்றிச் சுழற்றி வைத்துக்கொள்கிற ஒரு சின்ன வளையம் நமக்குள் இருக்கிறது என்பது பேட்லி, ஹிட்ச் இருவரும் 1974இல் வரைந்த படம். அந்த வளையத்தில் கிட்டத்தட்ட இரண்டு நொடியில் சொல்லி முடிக்கக்கூடியதுதான் தங்கும். சீனத்தில் இலக்கங்கள் ஓரசை. வெல்ஷ் மொழியில் நீளம். எல்லிஸ், ஹென்னெலி இருவரும் 1980இல் வெல்ஷும் ஆங்கிலமும் பேசுகிறவர்களைச் சோதித்தபோது, அதே ஆள் ஆங்கிலத்தில் கூடுதல் இலக்கங்களை ஏந்தினார், வெல்ஷில் குறைவு. மூளை ஒன்றுதான், சொல்லின் நீளம் வேறு. இரண்டு, ஒன்பது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் எதிர் வீட்டுப் பிள்ளை அடுத்த இலக்கத்துக்குப் போயிருக்கும்.

இங்கேதான் ஓரெட்டு, ஈரெட்டு, மூவெட்டு என்பதன் அருமை எனக்குப் பிடிபட்டது. பள்ளியில் இன்று பிள்ளைகள் “ஏழு பெருக்கல் எட்டு சமம் ஐம்பத்தாறு” என்கிறார்கள். விரலால் தட்டி எண்ணிப் பார்த்தேன்: பதின்மூன்று தட்டு. “ஏழெட்டு ஐம்பத்தாறு” என்றால் ஏழு தட்டு. பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு ஈராகி, மூன்று மூவாகி, ஐந்து ஐயாகி, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிற நம் புணர்ச்சி, வகுப்பறையில் இலக்கணப் பாடமாக மட்டும் கிடந்து பிள்ளைகளை வாட்டுகிறதே தவிர, எண்சுவடி படித்தவர்கள் வாயில் அது நினைவுக்கு ஏந்தலாக இருந்திருக்கிறது. நானும் என் பிள்ளைகளுக்குப் பழைய ராகத்தையே சொல்லித் தருகிறேன். பள்ளியில் போய்ச் சொன்னால் ஆசிரியை சிரிக்கிறாராம். சிரிக்கட்டும்.

நினைவாற்றல் முகாம்களைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். விடுமுறையில் ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள், மதிய உணவோடு. கட்டணம் ஒரு டாலி கிளார்க்கின் அரை மாதச் சம்பளம். மேடையில் ஒருவர் ஐம்பது இலக்கங்களை முன்னும் பின்னும் சொல்லிக் காட்டுவார். அதில் மோசடி எதுவும் இல்லை, சொல்ல முடியும். எரிக்சன், சேஸ் ஆகியோர் 1980இல் எழுதியிருக்கிறார்கள்: சாதாரண மாணவன் ஒருவன், ஏழு இலக்கத்தில் தொடங்கி, சுமார் 230 மணி நேரப் பயிற்சியில் 79 இலக்கம் வரை ஏந்தினான். அவன் ஓட்டக்காரன். இலக்கங்களை ஓட்டப் பந்தய நேரங்களாகப் பொட்டலம் கட்டினான். பிறகு இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னார்கள். ஆறு எழுத்தில் நின்றுவிட்டான். நினைவு தசை மாதிரி, பொதுவாகப் பயிற்சி கொடுத்தால் எதையும் தூக்கும் என்பது விளம்பரத்துக்குத்தான் பொருந்தும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு காரியங்களில் கவனம் வைத்துக் காட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் அவருக்குப் பின்னால் தமிழ்க் கடல் இருந்தது. வெண்பாவின் ஈற்றடியைச் சொன்னால் மற்ற அடிகள் எங்கிருந்தோ வருவதற்கு அந்தக் கடல் வேண்டும். இரண்டு நாள் முகாமில் அதை வாங்க முடியாது.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இதை வெளியே இருந்து எழுதுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. ஆறு வருஷம் தமிழில் படிக்கிறான். அறிவியல், கணிதம் எல்லாம் தமிழில். பதின்மூன்று வயதில் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போகிறான். அல்லது ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் இருந்துவிட்டுப் போகிறான். அங்கே எல்லாம் மலாய். என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் ஒளிச்சேர்க்கையைப் படம் போட்டு விளக்கிக் கைதட்டு வாங்கியவள், இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் மாதத்தில், ஃபோத்தோசிந்தேசிஸ் என்றால் என்ன என்று ஆசிரியர் கேட்டபோது எழுந்து நின்று தரையைப் பார்த்தாளாம். “தெரியாதா?” என்றேன். “வீட்டுக்கு வந்து புத்தகத்தப் பாத்தப்புறம்தான் சார் தெரிஞ்சிச்சு, அது நம்ம ஒளிச்சேர்க்கைன்னு.” அவள் தலைக்குள் எல்லாமே இருந்தது. கதவுக்கு வேறு சாவியைப் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள்.

எந்த மொழியில் படித்தோமோ அந்த மொழியில் கேட்டால்தான் சுலபமாக வரும் என்று மரியன், ஃபாசி இருவரும் 2006இல், ஸ்பானியமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் பாடச் செய்திகளைக் கேட்கவைத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு அது ஆய்வாகத் தெரியவில்லை, வாழ்க்கையாகவே நடந்தது. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்துங்கள் என்றார்கள்; தமிழ்ப்பள்ளிகளிலும்தான். 2009இல் அதைக் கைவிடுவதென்று முடிவானது. அந்த இடைவெளியில் என்னிடம் படித்த பிள்ளைகள் வீட்டில் தமிழிலும், வகுப்பில் ஆங்கிலத்திலும், பிறகு இடைநிலைப் பள்ளியில் இரண்டும் மூன்றுமான கலவையிலும் ஒரே சூரியனைப் பற்றிப் படித்தார்கள். எந்த மொழி நல்லது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு, தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்கு வேறென்ன கருத்து இருக்கும்? நான் சொல்வது, மொழி மாறுகிற அந்த ஒரு வருஷத்தில் பழைய பாடத்தைப் புது மொழியில் கேட்டுப் பழக்க யாராவது வேண்டும் என்பது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நோட்டில் நடுக்கோடு போடச் சொல்கிறேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய். நான் இடப்பக்கத்தை மூடிக்கொண்டு கேட்பேன். இன்னொரு நாள் வலப்பக்கத்தை மூடிக்கொண்டு. இதில் புதுமை ஒன்றும் இல்லை, சலிப்புத்தான் நிறைய.

நினைவுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. இல்லாததை இட்டு நிரப்பும். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் ஒரு செவ்விந்தியப் பேய்க் கதையைத் தம் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள்கள் விட்டு, மாதங்கள் விட்டு, திருப்பிச் சொல்லக் கேட்டார். 1932இல் புத்தகமாக வந்தது. கதையில் இருந்த தோணி, சொல்லச் சொல்ல இங்கிலாந்துப் படகாகிவிட்டது. புரியாத பேய்கள் கழன்று விழுந்தன. அவரவர் தமக்குப் பழக்கமான கதையைத் தைத்துக்கொண்டார்கள், பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல். திருப்பிக் கேட்கிற வாத்தியார், கேட்டதோடு எழுந்து போய்விட முடியாததற்கு இது காரணம். தவறாக வந்ததை அப்போதே தொட்டுக் காட்டாவிட்டால், தவறும் நன்றாக வேர் பிடித்துவிடும்.

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதுகிற யுபிஎஸ்ஆர் தேர்வு போனபோது எங்கள் வட்டாரத்தில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். 1988இல் வந்த தேர்வு, 2021இல் இனி இல்லை என்றானது. ஏழு ஏ வாங்கிய பிள்ளைகளின் படங்களைத் தமிழ் நாளிதழ்களில் பக்கம் பக்கமாகப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கையொடிந்த மாதிரி இருந்தது. எனக்கு நிம்மதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நெற்றியில் எழுத்தை ஒட்டுகிற வேலையில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் தேர்வோடு சேர்ந்து கேள்வியும் போய்விட்டதோ என்று இப்போது ஒரு பயம். “இப்பல்லாம் டெஸ்ட்டே கிடையாது சார்” என்று பெருமையாகச் சொல்கிறார் ஒரு தாயார். வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது. ஒன்றிலிருந்து ஆறு வரை நிலை போடுகிறார்கள். அது பிள்ளையை ஆசிரியர் அறிந்துகொள்வதற்கு. பிள்ளை தன் தலைக்குள் கைவிட்டு எடுத்துப் பார்ப்பதற்கு, மதிப்பெண் இல்லாத, பதிவேட்டில் ஏறாத, தினம் ஐந்து நிமிஷக் கேள்வி வேறு. நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. தெரியாவிட்டால் உலகம் முழுகிவிடாது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயந்தவன் கையில் ஏற்கெனவே பயம் ஒரு பொட்டலமாக இருக்கிறது.

போன வருஷம் தை பிறந்ததிலிருந்து நான் உத்தமதானபுரத்து முறையைக் கார் போர்ச்சில் நடத்திப் பார்க்கிறேன். ஏழு மணிக்குப் பாயைச் சுருட்டும்போது ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, காதோடு ஒரு பறவை, ஒரு ஊர், ஒரு வாய்ப்பாடு. பறவை தமிழில், ஊர் மலேசியாவில் இருக்க வேண்டும். யாருக்கு என்ன கொடுத்தேன் என்பதை நானே மறந்துவிடுவதால் ஒரு குயர் நோட்டில் குறித்து வைக்கிறேன். முதல் வாரம் பாதிப் பேர் விழித்தார்கள். இரண்டாம் வாரம் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே வருவதற்குள் மறந்துவிடுமாம். ஒருத்தி தன் பறவையை அண்ணனிடம் சொல்லிவைத்து, அவன் மறந்துபோய், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

டாலி கிளார்க்கின் மகன் பள்ளி விடுமுறையோடு சேர்த்து இரண்டு வாரம் வரவில்லை. வியாழக்கிழமை பசார் மாலாம் இரவுச் சந்தையில் இடியாப்பம் வாங்கிக்கொண்டு சாலையோரம் வந்துகொண்டிருந்தேன். விளக்குச் சிவப்பில் நின்ற மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்னால், அப்பாவின் முதுகை ஒட்டி, பெரிய ஹெல்மெட்டுக்குள் அவன் முகம். என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கத்தினான்.

“சார்! மீன்கொத்தி! தெலுக் இந்தான்! ஐம்பத்தாறு!”

பச்சை விழுந்து, வண்டி போய்விட்டது. இடியாப்பம் விற்ற அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். மீன்கொத்தி சரி. ஏழெட்டும் சரி. ஊர் என்று நான் எழுதி வைத்திருந்தது தெலுக் பங்லிமா காராங். இரண்டு வாரமும் அவன் இருந்தது தெலுக் இந்தானில், பாட்டி வீட்டில்.